தலைக்கணக்கு பூநாரையைக் காக்காது

குளிர்காலம் தொடங்கியதும் மும்பையின் கிழக்குக் கரைச் சேற்றில் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. மே மாதம் வரை தங்குகின்றன. பருவத்தின் உச்சத்தில் அவற்றின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டுவதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கணக்கெடுப்புகள் காட்டியிருக்கின்றன. அந்த எண் வெளிவரும் ஒவ்வொரு முறையும் நகரம் மகிழ்கிறது. கூடவே ஒரு வாதமும் எழுகிறது: பாலம் கட்டினோம், விமான நிலையம் கட்டினோம், அடுக்ககங்கள் எழுந்தன, பறவை வரத்தான் செய்கிறது, பிறகு என்ன கவலை? இந்த வாதம் தவறு என்பதே என் உறுதியான கருத்து. எத்தனை பறவை வந்தது என்ற எண், அந்தப் பறவை இன்னும் 50 ஆண்டுகள் இருக்குமா என்ற கேள்விக்கு விடை தருவதில்லை. அதற்கு வேறொரு கணக்கு தேவை. பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் இனத்தொகைக் கணிப்பு அது. மும்பையின் சதுப்பு நிலங்களில் கைவைக்கும் எந்தத் திட்டத்துக்கும் அனுமதி தருவதற்கு முன் அந்தக் கணக்கைப் போட்டு, மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

இந்த நகரத்தின் நில வரலாற்றைப் பார்த்தால் இது ஏன் மும்பைக்கு மற்ற ஊர்களைவிட அதிகம் பொருந்துகிறது என்பது விளங்கும். மும்பை முதலில் ஏழு தீவுகள். 1780-களில் கட்டப்பட்ட ஹார்ன்பி அணையில் தொடங்கி, இடையிலிருந்த ஓதநீர்ப் பரப்புகளைத் தூர்த்துத் தூர்த்து நிலங்களை ஒன்றாக்கினார்கள். நிலம் இணைந்தது, நீர் துண்டானது. இன்று தீவுகளாகக் கிடப்பவை சதுப்பு நிலங்கள்தாம். சிவ்ரியில் ஒரு சேற்றுத்திட்டு, செம்பூரை ஒட்டிய மாஹுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் காலடியில் இன்னொன்று, பாண்டுப்பில் நீரேற்று நிலையத்தைச் சுற்றிய குட்டைகள், காஞ்சூர்மார்க்கிலும் முலுண்டிலும் உப்பளங்கள், தாராவியின் ஓரத்தில் மித்தி ஆறு மாஹிம் கழிமுகத்தில் சேரும் இடத்து அலையாத்திக் காடு. கடலுக்கு அப்பால் நவி மும்பையில் நெருலின் ஏரிகளும், உரணில் பாஞ்சே சதுப்பும். பூநாரைக்கு இவை தனித்தனி இடங்கள் அல்ல. நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறுகிறது. நீர் வற்றியிருக்கும்போது சிவ்ரியிலும் தானே கழிமுகத்திலும் மேய்கிற பறவை, ஓதம் ஏறிச் சேறு மூழ்கியதும் ஆழமில்லாத வேறு நீர்நிலையில் நின்று இளைப்பாற வேண்டும். அதற்குத்தான் நெருல் ஏரிகளும் பாஞ்சேயும் பாண்டுப் குட்டைகளும். மேயும் இடம் இருந்து ஒதுங்கும் இடம் போய்விட்டால், மேயும் இடமும் பாதிப் பயன்தான்.

நம் பாதுகாப்போ துண்டுதுண்டாகவே நடக்கிறது. 2015-ல் தானே கழிமுகத்தில் ஏறத்தாழ 1,690 ஹெக்டேர் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் அதைச் சுற்றிய பகுதியும் சேர்ந்து 6,521 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதே அறிவிப்பில்தான் தமிழகத்தின் வடுவூரும் சித்திரங்குடியும் சுசீந்திரம் தேரூரும் இடம்பெற்றன. பாராட்டத்தக்க நடவடிக்கைதான். ஆனால் பூநாரை என்றால் மும்பைக்காரர் முதலில் சொல்லும் சிவ்ரி அந்தச் சரணாலய எல்லைக்குள் இல்லை. நெருல் ஏரிகளும் இல்லை. 2024 ஏப்ரலில் நெருலில் டி.பி.எஸ். பள்ளியை ஒட்டிய ஏரிக்குக் கடல்நீர் வரும் வழி அடைபட்டு, ஏரி வறண்டு, பூநாரைகள் செத்து விழுந்தபோது, சரணாலயத்தின் எல்லைக்கோடு அவற்றுக்கு எந்தப் பயனும் தரவில்லை. மறு ஆண்டு அந்த ஏரியைப் பாதுகாப்புக் காப்பகமாக்க மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் அளித்தது. பறவை செத்த பிறகு ஓர் ஏரி, வழக்கு வந்த பிறகு ஒரு சதுப்பு என்று போனால், எந்தத் துண்டு உயிர்நாடி, எந்தத் துண்டு துணை என்பதை நாம் எப்போதுமே இழந்த பிறகுதான் அறிவோம்.

இனத்தொகைக் கணிப்பு என்றால் ஏதோ ஆய்வகத்து மந்திரம் என்று நினைக்க வேண்டியதில்லை. ஆயுள் காப்பீட்டு நிறுவனம் மனிதர்களுக்குப் போடும் கணக்கைப் பறவைக்குப் போடுவதுதான். ஓர் ஆண்டில் வளர்ந்த பறவைகளில் எத்தனை பிழைக்கின்றன, குஞ்சுகளில் எத்தனை வளர்ந்து கூட்டத்தில் சேர்கின்றன, வறட்சி ஆண்டில் இந்த விகிதங்கள் எவ்வளவு சரிகின்றன என்பவற்றை வைத்து, எதிர்காலத்தைக் கணினியில் ஆயிரம் முறை ஓட்டிப் பார்க்கிறார்கள். அவற்றில் எத்தனை முறை இனம் அழிகிறது என்று எண்ணுகிறார்கள். பூநாரையின் வாழ்க்கை முறையை இதில் பொருத்திப் பாருங்கள். அது பருவமடையவே மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். இட்டால் ஒரே முட்டை. எல்லா ஆண்டும் இடுவதும் இல்லை. இந்தக் குறையை அது நீண்ட ஆயுளால் ஈடுகட்டுகிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு விலங்குக்காட்சிச் சாலையில் 2014-ல் இறந்த பெரும்பூநாரைக்குக் குறைந்தது 83 வயது. இத்தகைய இனத்தில் ஆண்டுக்கு 95 சதவீதம் பெரிய பறவைகள் பிழைக்கின்றன, இறக்கும் 5 சதவீதத்துக்குச் சமமாக இளம்பறவைகள் சேர்கின்றன என்று விளக்கத்துக்காக வைத்துக்கொள்வோம். தொகை மாறாது நிற்கும். பிழைப்பு 92 ஆகக் குறைந்தால்? வெறும் மூன்று சதவீதம்தானே என்று தோன்றும். ஒரு லட்சம் பறவைகள் 23 ஆண்டுகளில் ஐம்பதாயிரமாகிவிடும். அதைவிட அச்சம் தருவது தொடக்க ஆண்டுகள். முதல் ஐந்து ஆண்டுகளில் குறைவது ஏறத்தாழ 14 சதவீதம். மழையைப் பொறுத்தும் ஓதத்தைப் பொறுத்தும் கணக்கெடுப்பே ஆயிரக்கணக்கில் ஏறி இறங்குகிற ஓர் இடத்தில், இந்தச் சரிவு கண்ணுக்கே தெரியாது. தலைக்கணக்கு எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இனம் பாதி வழியில் இறங்கிவிட்டிருக்கும்.

எண்ணிக்கை கூடுவதே சில வேளைகளில் கெட்ட சேதியாகவும் இருக்கலாம். மும்பையில் பூநாரை முட்டையிடுவதில்லை. இங்கு வரும் பறவைகள் பெரும்பாலும் குஜராத்தின் கட்ச் பாலையில் பிறந்தவை. 1945-ல் பறவையியலாளர் சாலிம் அலி அங்கே சென்று ஐந்து லட்சம் பறவைகள் இருக்கலாம் என்று மதிப்பிட்ட பூநாரை நகரம் இன்றும் அவற்றின் பேறுகால வீடு. மழை நன்றாகப் பெய்து பாலையில் நீர் தேங்கிய ஆண்டுகளில்தான் அங்கே கூடு கட்ட முடியும். மும்பைக்கு அவை பெருங்கூட்டமாக வரத் தொடங்கியது 1990-களில். நகரத்தின் சாக்கடை கழிமுகத்தில் கலந்து, அதிலுள்ள சத்து நீலப்பச்சைப் பாசியைப் பெருக்கியது. அதுவே இங்கு வரும் சிறுபூநாரை இனத்தின் முக்கிய உணவு. ஆக இங்கு கூட்டம் பெருகுவது இந்த நகரம் நலமாக இருப்பதால் இருக்கலாம். மற்ற இடங்கள் கெட்டதால் எல்லாம் இங்கே குவிவதாலும் இருக்கலாம். ஓரிடத்தின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிறக்கும் இடத்தையும் தங்கும் இடத்தையும் ஒரே கணக்கில் கொண்டுவந்தால்தான் வேறுபாடு புலப்படும். சிறுபூநாரை உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. உலகம் முழுவதிலும் அது தவறாமல் குஞ்சு பொரிக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலவற்றில் ஒன்று நம் நாட்டில் இருக்கும்போது இந்தக் கணக்கைப் போடும் பொறுப்பு நமக்குத்தான்.

ஹவாய் இந்தப் பாதையில் நமக்கு முன்னே சென்றிருக்கிறது. நம் ஊர்க் குளங்களில் காணும் பவளக்கால் உள்ளானின் நெருங்கிய உறவினம் ஒன்றும், தாழைக்கோழியின் உறவினம் ஒன்றும் அங்கு அழியும் ஆபத்தில் உள்ளன. அந்தத் தாழைக்கோழி இனம் இன்று கவாய், ஒவாஹு என்ற இரண்டு தீவுகளில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஒவாஹு என்பது ஹொனலுலு நகரம் அமைந்த தீவு; சதுப்பு நிலங்கள் கட்டடங்களுக்கு நடுவே சிறு சிறு துண்டுகளாகக் கிடக்கின்றன, நம் மும்பையைப் போலவே. உள்ளானுக்கு 1998-லேயே இனத்தொகைக் கணிப்பு வெளிவந்தது. 2018-ல் தாழைக்கோழிக்குச் செய்த ஆய்வில், கடல்மட்டம் உயர்ந்தால் என்ன ஆகும், நகரம் விரிந்தால் என்ன ஆகும், பராமரிப்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்று வெவ்வேறு நிலைமைகளை ஓட்டிப் பார்த்தார்கள். மரபணுவை ஒப்பிட்ட இன்னோர் ஆய்வு அதே ஆண்டில் இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டியது. பறவைகள் ஒரு சதுப்பிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஓடைகளையும் நகரத்தின் வடிகால் வாய்க்கால்களையும் வழியாகக் கொண்டிருந்தன. யாரும் காப்பாற்ற நினைக்காத வாய்க்கால்தான் துண்டுகளைத் தைத்துக்கொண்டிருந்த நூல். மித்தியைச் சுவரெழுப்பி, கான்கிரீட் பூசி, வெறும் கழிவுநீர்ப் பாதையாக்கிக்கொண்டிருக்கும் நகரம் இதைப் படிக்க வேண்டும். நாலா எனப்படும் வடிகால்களும் கழிமுக ஓடைகளும் இங்கே எந்தப் பறவைக்கு எந்த வழி என்பதைக் கண்டறியாமல் மதில் கட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கத்தரிப்பதற்குச் சமம்.

நல்லெண்ணத்தில் செய்யும் காரியம் தவறான இடத்தில் போய்ச் சேர்வதையும் இந்தக் கணக்கு தடுக்கும். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் கடலாமைகளைக் காக்க நெடுங்காலம் முட்டைகளுக்குக் காவல் இருந்தார்கள். 1987-ல் வெளிவந்த ஒரு கணிப்பு, எல்லா முட்டையையும் காத்தாலும் போதாது, இழுவலையில் சிக்கிச் சாகும் பெரிய ஆமைகளை, குறிப்பாகப் பருவமடையாத பெரிய இளம் ஆமைகளைக் காத்தால்தான் இனம் நிமிரும் என்று காட்டியது. ஆமை தப்பிக்கும் பொறியை வலையில் பொருத்தும் விதிக்கு அது வலுவான சான்றாயிற்று. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கிய ஆமைச் சடலங்களைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் தெரியும். மும்பையில் இதற்கு நேரான உதாரணம் அலையாத்திக் காடு. அதை அழிக்கக் கூடாது என்று 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இந்தக் கரையின் கவசம். ஆனால் பூநாரை மேய்வது மரமில்லாத திறந்த சேற்றில். வண்டல் படிந்து காடு சேற்றுக்குள் முன்னேறும் இடத்தில், பசுமை கூடக்கூடப் பறவையின் தட்டு சுருங்குகிறது. இழப்பீடாகச் சேற்றுத்திட்டிலேயே அலையாத்திக் கன்று நடுவது கணக்குப் பார்க்காத கருணை. எவ்வளவு காடு, எவ்வளவு திறந்த சேறு, எவ்வளவு ஒதுங்கும் குளம் என்ற விகிதத்தை உணர்ச்சியால் முடிவு செய்ய முடியாது.

இந்தக் கணிப்புகளை எவ்வளவு நம்பலாம் என்ற ஐயம் நியாயமானது. தரவு அரைகுறையாக இருந்தால் விடையும் அரைகுறைதான். 2000-ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு, நீண்ட காலம் கண்காணிக்கப்பட்ட 21 விலங்குத் தொகைகளில் பழைய தரவை வைத்துக் கணித்து, பின்னர் உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்டு, கணிப்பு நன்றாகவே பொருந்தியதாகச் சொன்னது. அவ்வளவு நல்ல தரவு எல்லா இனத்துக்கும் கிடைக்காது என்று அதை மறுத்தவர்களும் உண்டு. அந்த மறுப்பில் வலு இருக்கிறது. ஆகவே 2075-ல் இத்தனை பறவை இருக்கும் என்று எண்ணைச் சொல்லக் கணிப்பைப் பயன்படுத்துவதை நானும் ஆதரிக்கவில்லை. அதன் வலிமை ஒப்பிடுவதில். நெருல் ஏரியை இழப்பதா, பாஞ்சேயை இழப்பதா, இரண்டில் எது பெரிய அடி? மின்கம்பியை இடம் மாற்றுவதா, ஏரிக்கு நீர்வழி திறப்பதா, எதில் முதல் ரூபாயைப் போடுவது? தரவில் பிழை இருந்தாலும் இந்த வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. மும்பையில் தரவு இல்லாமலும் இல்லை. அடல் சேதுப் பாலத்தை ஒட்டி 2018-ல் தொடங்கிய பத்தாண்டுக் கண்காணிப்பு நடக்கிறது; பூநாரைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அவை போகும் வழியையும் இயற்கை வரலாற்றுக் கழகம் தொடர்ந்து வருகிறது. திரட்டிய தரவை முடிவெடுக்கும் மேசைக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி.

சிறகுள்ள பறவை வேறிடம் தேடிக்கொள்ளாதா என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு சமாதானம். எங்கே போகும் என்று சொல்பவர்தான் காட்ட வேண்டும். ஒதுங்க இடம் இழந்த பறவை வேறு நீர் தேடி அலைகிறது; அலைச்சல் கூடினால் உடலில் சேர்த்த கொழுப்பு கரைகிறது; கொழுப்பில்லாத பறவை கட்சில் கூடு கட்டாமல் போகலாம். அலையும் வழியில் விமானமும் வருகிறது. 2024 மே 20 இரவு துபாயிலிருந்து தரையிறங்க வந்த விமானம் காட்கோபரின் மேல் ஒரு கூட்டத்தில் மோதி, ஏறத்தாழ 40 பூநாரைகள் குடியிருப்புத் தெருக்களில் விழுந்தன. ஒரு லட்சத்தில் நாற்பது என்பது நூற்றுக்கு 0.04 மட்டுமே, அந்த ஓர் இரவால் இனம் அழியாது, அதை மிகைப்படுத்த வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி, விமானம், மின்கம்பி, வறண்ட ஏரி, அலைச்சல் என்ற சிறு சாவுகள் எத்தனை சேர்ந்தால் முன்பு சொன்ன அந்த மூன்று சதவீதத்தைத் தொடும் என்பது. 2025 அக்டோபரில் திறந்துவைக்கப்பட்ட நவி மும்பை விமான நிலையம் இதே சதுப்பு நிலங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஏரிகளை இழந்தால் பறவைகள் ஓடுபாதைப் பக்கம் திரும்பும் ஆபத்து உண்டு என்று பறவையியலாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அங்கே இறங்கும் விமானங்களில் மனிதர்கள் அமர்ந்திருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம், வீடில்லாத மனிதன் இருக்கும் ஊரில் பறவைக்கு நிலமா என்பது. தாராவித் தமிழரிடம் பேசும்போது இதைத் தட்டிக்கழிக்க முடியாது, தட்டிக்கழிக்கவும் கூடாது. தாராவி மறுசீரமைப்பில் தகுதியில்லாதவர்கள் என்று பிரிக்கப்படுவோரைக் குடியமர்த்த, முலுண்ட், காஞ்சூர்மார்க், பாண்டுப் பகுதிகளில் 255.9 ஏக்கர் உப்பள நிலத்தை 2024 செப்டம்பரில் மாநில அமைச்சரவை ஒதுக்கியது. தேவனார் குப்பைமேட்டு நிலமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. உப்பளம் சட்டத்தின் கண்ணில் சதுப்பு நிலமே இல்லை. 2017-ன் சதுப்பு நில விதிகள் உப்பு விளைவிக்க அமைத்த நிலங்களை விலக்கிவிட்டன. பறவைக்கு அது ஒதுங்குமிடம். நகரத்துக்கு அது வெள்ளம் வடியும் தாழ்வு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, மித்தியின் கரையில் மூழ்கியவர்களில் பலர் குடிசைவாசிகள். அப்படிப்பட்ட மழை மறுபடி வரும்போது முதலில் நீர் ஏறும் நிலத்தில் ஏழைகளைக் கொண்டுபோய் வைப்பது வீட்டுரிமை ஆகாது. மாஹுல் இதற்குச் சாட்சி. குடிநீர்க் குழாய்ப்பாதை ஓரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஆலைகளுக்கு நடுவே அங்கே கொண்டுபோய் அடைத்தார்கள். காற்று நஞ்சென்று நோயில் தவித்தவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுத்து வேறிடம் போக வழிசெய்யுமாறு 2019-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. பறவைக்கும் மனிதனுக்கும் போட்டி என்று சொல்பவர்கள், இரண்டு பேரையும் ஒரே சேற்றில் தள்ளுகிறார்கள். தாராவி மக்கள் கேட்பது தாராவியிலேயே வீடு. அந்தக் கோரிக்கை நிறைவேறினால் உப்பளமும் மிஞ்சும்.

இதில் தமிழகம் வெறும் பார்வையாளர் அல்ல. 2025 ஜூன் 5 அன்று இராமேசுவரம் தீவின் தனுஷ்கோடியில் 524 ஹெக்டேருக்கு மேல் பெரும்பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கோடியக்கரையிலும் பள்ளிக்கரணையிலும் பூநாரை வருகிறது. அங்கும் அறிவிப்போடு நின்றுவிடாமல், கட்சிலிருந்து பள்ளிக்கரணை வரையான கரையோரத்தை ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கும் கூட்டு முயற்சிக்குத் தமிழக வனத்துறையும் மகாராஷ்டிரமும் குஜராத்தும் உட்கார்ந்து பேச வேண்டும். மும்பையில் செய்ய வேண்டியது இன்னும் அவசரமானது. ராம்சர் பகுதியின் மேலாண்மைத் திட்டத்தில் சிவ்ரி, மாஹுல், நெருல், பாஞ்சே, உப்பளங்கள் அனைத்தும் ஒரே வலையாகச் சேர்க்கப்பட வேண்டும். எந்தத் துண்டை எடுத்தால் இனத்தின் எதிர்காலம் எவ்வளவு சரியும் என்ற கணிப்பு மராத்தியிலும் ஆங்கிலத்திலும், முடிந்தால் தமிழிலும் வெளியாக வேண்டும். அது வெளியாகும்வரை உப்பள நிலத்தில் ஒரு லாரி மண்ணும் கொட்டக் கூடாது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்றும் தென்மத்திய மும்பை என்ற ஒரே மக்களவைத் தொகுதிக்குள் இருக்கின்றன. அங்கே வாக்குக் கேட்டு வருபவரிடம் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேளுங்கள்: எங்கள் வீடு தாராவியில்தானா? அந்தக் கணக்கு எங்கே?